கையை விட்டால் நிற்குமா?

ஒரு கல்லை 25 மீட்டர் நகர்த்த எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. கருங்கல். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 30 உயரம். உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்ளத் தோதான அளவு, பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் கருங்கல் ஒரு கன மீட்டருக்கு 2600 கிலோவுக்கு மேல் போகிற சரக்கு. கணக்குப் போட்டால் இந்தச் சின்னக் கல் 190 கிலோ. சுவர் ஓரமாகக் கிடந்ததை மரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் கொஞ்சம் சிமெண்டுத் தளம், ஒரு சின்ன விளிம்பு, அப்புறம் மண், கடைசியில் லேசான இறக்கம். ஆள் கூப்பிட்டால் வந்திருப்பார்கள். கூப்பிடவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்னிடம் இருந்தது இரண்டு சக்கர ட்ராலி ஒன்று, மூட்டையும் அலமாரியும் தள்ளுகிற சாதாரண வகை. கடப்பாரையால் கல்லின் ஓரத்தை நெம்பி, ட்ராலியின் தகட்டை அடியில் செருகி, பட்டையால் இறுக்கிக் கட்டி, அச்சை ஒரு காலால் மிதித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன். சாய்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் தளத்தின் மேல் பத்து மீட்டர் ஜம்மென்று போய்விட்டேன். தளம் முடிந்து மண்ணில் இறங்கியதும் சக்கரம் இரண்டும் புதைந்தன, அதிலும் இடது சக்கரம் கொஞ்சம் அதிகமாக. வண்டி அந்தப் பக்கம் சரிய ஆரம்பிக்க, இடுப்பைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அப்போதுதான் நிலைமை புரிந்தது. முன்னால் இறக்கினால் தரையோடு போகிற தண்ணீர்க் குழாய் மேல் கல் உட்காரும். பின்னால் சாய்த்தால் என் முழங்கால் மேல். சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டிய பலகை இரண்டு மீட்டர் தூரத்தில் சுவரில் சாத்தி வைத்திருந்தது. இரண்டே மீட்டர். எட்டி எடுக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும், கையை விட்டால் எல்லாம் போச்சு. கொஞ்ச நேரம் அப்படியே சிலை மாதிரி நின்றுவிட்டு, கடைசியில் கல்லையும் ட்ராலியையும் சேர்த்துப் பக்கவாட்டில் சரியவிட்டுத் துள்ளி விலகிக்கொண்டேன். ட்ராலியின் அச்சு வளைந்தது. குழாய் தப்பித்தது, நானும்.

அன்று இரவு முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்ததில் ஒன்று தெளிந்தது. எனக்குப் பலம் போதாமல் இல்லை. சாய்ந்த நிலையில் ட்ராலி என் கையில் காட்டிய எடை சொற்பம்தான். இல்லாமல் போனது இன்னொரு ஜோடிக் கைதான். இரண்டு பேர் வேலை செய்யும்போது ஒருவர் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் கல்லையோ கட்டையையோ வைப்பார். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் தூக்கவே மாட்டார், சும்மா பிடித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் எதையாவது எடுத்துக் கொடுப்பார். தனியாக வேலை செய்கிறவனுக்கு அந்த ஆள் இல்லை. அதனால் எந்தக் கருவியை எடுத்தாலும், எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்: இப்போது கையை விட்டால் இது நிற்குமா? எத்தனை கிலோ தாங்கும், எத்தனை மடங்கு பலம் தரும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நெம்புகோலும் சக்கரமும் இந்த விஷயத்தில் நேர் எதிர்க் குணம் கொண்டவை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நெம்புகோல் தூக்கும், நகர்த்தாது. சக்கரம் நகர்த்தும், நிற்கச் சொன்னால் நிற்காது. இரண்டையும் ஒரே கருவியில் கோத்துவிட்டால் தூக்கவும் செய்யும் நகர்த்தவும் செய்யும், ஆனால் எந்த நேரம் எது வேலை செய்கிறது என்று தெரியாமல் பிடித்தால் இரண்டின் கெட்ட குணமும் சேர்ந்து வரும். என் ட்ராலிக்கு நடந்தது அதுதான்.

முதலில் எடை. கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள், அளந்து பெருக்குங்கள். கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ. தண்ணீர் 1000. ஈர மண் 1600-லிருந்து 2000 வரை. வெட்டின உடனே கிடக்கிற பச்சை மரம் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டிய எடை இருக்கும்; 30 செ.மீ. விட்டத்தில் இரண்டு மீட்டர் துண்டு என்றால் 130, 140 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிறைந்திருந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ (இதை நகர்த்துவதற்கு உலகத்திலேயே சிறந்த கருவி அதன் அடியில் இருக்கும் குழாயைத் திறப்பதுதான், ஆனால் ஆரம்பத்தில் அது யாருக்கும் தோன்றாது). கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த சூத்திரம் தொடங்குவதே 23 கிலோவில்தான். அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால். உடம்பை விட்டுத் தள்ளி, குனிந்து, திரும்பித் தூக்கினால் அந்த எண் மளமளவென்று இறங்கும். ஆக 190 கிலோவில் தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடப்பாரையிலிருந்து ஆரம்பிக்கிறேன், சக்கரம் இல்லாவிட்டாலும் அதுதான் எல்லாவற்றுக்கும் தாய். ஒன்றரை மீட்டர் கடப்பாரை, நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கட்டையை ஆதாரமாக வைத்தால், இந்தப் பக்கம் 140 செ.மீ., அந்தப் பக்கம் 10. பதினாலு மடங்கு. 40 கிலோ அழுத்தினால் 560 கிலோ தூக்கலாம். ஆனால் கைப்பிடி 70 செ.மீ. இறங்கினால்தான் கல் 5 செ.மீ. ஏறும். இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அங்கே சொல்லித் தராதது, அந்த 5 செ.மீ.யில் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார், அடியில் கட்டை வைப்பது யார் என்பது. கடப்பாரை அந்தக் கேள்வியில் முழுத் தோல்வி. கையை விட்டால் கல் கீழே, கடப்பாரையின் மேல்நுனி உங்கள் தாடையில்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, கண்டுபிடித்தேன் என்று சொல்வது தப்பு, கல்வேலை செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது: ஒரு விரல் தூக்கு, ஒரு விரல் அண்டை கொடு. முன்கூட்டியே பல தடிமனில் பலகைத் துண்டுகளையும் ஆப்புகளையும் கல்லின் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். கடப்பாரையை இடுப்பாலோ தொடையாலோ அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு நீளக் குச்சியால் ஆப்பை உள்ளே தள்ள வேண்டும். குச்சியால். விரலால் இல்லை. ஆப்பு உள்ளே போனதும் கையை விடலாம், மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கல் அங்கேயே இருக்கும். இப்படி 2 செ.மீ., 2 செ.மீ.யாக ஏற்றினால் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏற்றலாம். பொறுமைதான் போகும்.

இப்போது எனக்குப் பிடித்த கருவிக்கு வருகிறேன். கடப்பாரையின் ஆதாரப் புள்ளியிலேயே இரண்டு சின்னச் சக்கரங்களை மாட்டிவிட்டால் என்ன ஆகும்? நீளமான ஒரு கைப்பிடி, அதன் கீழ்முனையில் தட்டையான இரும்பு மூக்கு, மூக்குக்குக் கொஞ்சம் உள்ளே அச்சும் இரண்டு இரும்புச் சக்கரங்களும். அவ்வளவுதான். ஆங்கிலம் பேசும் ஊர்களின் துறைமுகங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் இதை ஜான்சன் பார் என்பார்கள். பெரிய பெட்டிகளையும் இயந்திரங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதற்கு. நான் ஒரு தடித்த குழாயையும் பழைய சக்கரம் இரண்டையும் கொண்டுபோய் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்து வாங்கினேன். கைப்பிடியிலிருந்து அச்சுக்கு 170 செ.மீ., அச்சிலிருந்து மூக்கு நுனிக்கு 10. பதினேழு மடங்கு. என் கல்லின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்க 95 கிலோ வேண்டும் என்றால், என் கையில் ஆறு கிலோகூட இல்லை.

ஆனால் அந்தப் பதினேழு மடங்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கைப்பிடியை அழுத்தினால் கல்லின் ஓரம் 3 செ.மீ. எழும்பும், எழும்பின அதே நொடியில் அது சக்கரத்தின் மேல் இருக்கிறது, அப்படியே ஒரு சாண் தள்ளலாம், அல்லது கைப்பிடியோடு பக்கவாட்டில் நடந்தால் கல்லின் மூக்கு திரும்பும். கையைத் தளர்த்தினால்? கல் 3 செ.மீ. இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடும். எங்கே உருளப் போகிறது? எதன் மேல் கவிழப் போகிறது? பாதியில் போன் அடித்தால் எடுத்துப் பேசலாம். இந்த ஒரு குணத்துக்காகவே இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வேகம் இல்லைதான், ஒரு நகர்த்தலுக்கு 15, 20 செ.மீ. மேல் தேறாது. இடது ஓரம் ஒரு முறை, வலது ஓரம் ஒரு முறை, நண்டு மாதிரி கோணல்மாணலாகப் போகும்.

ஒரு நுணுக்கம்: தூக்காத ஓரம் தரையில் இழுபடும், அதுதான் பாதிப் பலத்தைத் தின்னும். அந்த ஓரத்துக்கு அடியில் ஒரு துண்டுக் குழாயைப் போட்டுவிட்டால் வேலை பாதியாகும். திருப்ப மட்டும்தான் வேண்டும் என்றால் இன்னும் சுலபம். கல்லின் நடுமையத்துக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே ஒரு சின்னக் கூழாங்கல்லைக் கொடுத்துவிட்டால் முழுக் கல்லும் அதன் மேல் பம்பரம் மாதிரி திரும்பும். அமெரிக்காவின் மிச்சிகனில் வாலி வாலிங்டன் என்ற ஓய்வுபெற்ற கட்டடத் தொழிலாளி எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் பாளத்தைத் தனியாளாக நிமிர்த்தி நிறுத்திக் காட்டியது இப்படிப்பட்ட சங்கதிகளை வைத்துத்தான். சக்கரம்கூடக் கிடையாது. அடியில் இரண்டு சிறு கற்கள், ஒன்றின் மேல் திருப்பி, அடுத்ததன் மேல் திருப்பி, பாளத்தையே நடக்க வைத்தார். உயர்த்துவதற்கு, பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை போல இப்படியும் அப்படியும் ஆட்டி, ஆடும் ஒவ்வொரு முறையும் எழும்பின பக்கத்தில் கட்டையை அடுக்கினார். அவர் எந்த நிலையில் கையை எடுத்தாலும் பாளம் நிற்கும் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

என் சக்கரக் கடப்பாரையின் குறை மண்ணில் தெரிந்தது. சின்ன இரும்புச் சக்கரம், ஈர மண், முழு எடையும் இரண்டு கோட்டின் மேல். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. அடியில் பலகை இல்லாமல் இது வெளி வேலைக்கு ஆகாது. அதனால் 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் மூன்று துண்டு வெட்டிக்கொண்டேன், ஒன்றில் கல், அடுத்தது முன்னால், கல் தாண்டியதும் பின்னால் காலியானதை எடுத்து முன்னால் போடுவது. இரண்டு துண்டு போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. பின்னால் இருப்பது கல்லிலிருந்து முழுசாக விடுபடுவதற்குள் முன்னால் இன்னொன்று தேவைப்படும்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது சக்கரத்தின் அளவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் கடையில் ட்ராலி வாங்கும்போது எல்லோரும் எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் பார்க்கிறோம், சக்கரத்தைப் பார்ப்பதில்லை. தளம் முடிகிற இடத்தில் 2 செ.மீ. விளிம்பு ஒன்று இருந்தால், 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தை நேராகத் தள்ளி அதன் மேல் ஏற்ற, சுமையின் முக்கால் பங்கு விசை வேண்டும். 200 கிலோ சுமைக்கு 150 கிலோ விசை. மனுஷனால் ஆகாது. அதே விளிம்பு, 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் என்றால் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதுவும் அதிகம்தான், ஆனால் விளிம்பில் ஒரு சரிவான ஆப்பை வைத்துவிட்டால் கைக்கு அடங்கும். வீட்டுக்குள் வழவழத் தரையில் இரண்டும் ஒன்றுபோல ஓடுவதால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வெளியே வந்ததும் ஒவ்வொரு கூழாங்கல்லும் ஒரு படிக்கட்டு.

அப்புறம் டயர். காற்றடைத்த டயர் தரையில் எவ்வளவு பரப்பில் உட்காரும் என்பது ஏறத்தாழ உள்ளே இருக்கிற அழுத்தத்தைப் பொறுத்தது. ஒரு சக்கரத்தில் 100 கிலோ, டயரில் சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் என்றால் 50 சதுர செ.மீ., அதாவது 7-க்கு 7 செ.மீ. போல ஒரு தடம். காற்றைப் பாதியாக இறக்கினால் 10-க்கு 10. மண்ணில் புதைவது அந்த அளவுக்குக் குறையும். அதற்காக ரொம்ப இறக்கினால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுகொள்ளும், கட்டாந்தரையில் இழுக்கவும் கஷ்டம். நான் இப்போது காற்றடிக்கும் பம்பை வேலை நடக்கும் இடத்துக்கே எடுத்துக்கொண்டு போகிறேன். புதைகிற இடத்தில் முன்னால் தள்ளுவதைவிடத் திரும்பி நின்று பின்னோக்கி இழுப்பது சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். தள்ளும்போது நம் விசையில் ஒரு பங்கு சக்கரத்தைக் கீழே அழுத்தும், இழுக்கும்போது அதே பங்கு மேலே தூக்கும்.

வளைந்த அச்சை நிமிர்த்தி ட்ராலிக்கு மறு வாழ்வு கொடுத்தேன். மூன்று மாற்றம் செய்தேன். முதலாவது, பெரிய காற்று டயர்கள். சுமை அச்சுக்கு நேர் மேலே வரும்போது கைப்பிடி எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு, இது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: சட்டத்தின் பின்னால் கீலில் தொங்கும் ஒரு கால். சாய்த்துத் தள்ளும்போது அது மடங்கியிருக்கும். நிறுத்த வேண்டும் என்றால் காலால் ஒரு தட்டு தட்டினால் கீழே விரிந்து தரையில் ஊன்றிக்கொள்ளும், அப்போது இரண்டு சக்கரமும் ஒரு காலுமாக முக்காலி. கையை விடலாம். இவ்வளவு சின்ன விஷயம் ஏன் எல்லா ட்ராலியிலும் இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. பின்பக்கம் மடக்குச் சக்கரம் வைத்த வகை கிடைக்கிறது, ஆனால் அந்தப் பின்சக்கரங்கள் பொடியாக இருப்பதால் வெளியே உதவாது.

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இதை எப்போதோ தீர்த்துவிட்டது. முன்னால் சக்கரம், பின்னால் இரண்டு கால், வைத்தால் நிற்கிறது. அது ஓர் இரண்டாம் வகை நெம்புகோல், பாக்குவெட்டி ஜாதி: சக்கரத்தில் ஆதாரம், நடுவில் பளு, கடைசியில் நாம். அச்சிலிருந்து சுமை 50 செ.மீ.யிலும் கைப்பிடி 150 செ.மீ.யிலும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கை நாம் தூக்குகிறோம். 100 கிலோவுக்கு 33. சுமையைச் சக்கரத்துக்கு நெருக்கமாகத் தள்ளி வைத்தால் இன்னும் குறையும், இதைச் செய்யாமல் நடுவிலோ பின்னாலோ குவித்து வைத்துவிட்டு முதுகு வலிக்கிறது என்கிறவர்கள்தான் அதிகம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான். சீனர்கள் இந்தக் கணக்கை அதன் கடைசி வரைக்கும் கொண்டுபோனார்கள். அவர்களின் பழைய வண்டிகளில் பெரிய சக்கரம் ஒன்று நடுவிலேயே இருக்கும், சுமை அதன் இரண்டு பக்கமும் மேலும், முழு எடையும் அச்சில். தள்ளுகிறவர் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கி.பி. 231 வாக்கில் படைக்குத் தானியம் கொண்டுபோக சீன அமைச்சர் சூகே லியாங் செய்ததாகச் சொல்லப்படும் 'மர எருது' என்ற சாதனமும் இப்படி ஒரு வண்டிதான் என்று பலர் கருதுகிறார்கள். கையை விட்டால் அது பக்கவாட்டில் கவிழும் என்பது வேறு கதை.

தள்ளுவண்டியின் நிஜப் பிரச்சினை ஏற்றுவது. ஒரு மீட்டர் தூரம் தள்ள மூன்று நொடி, தொட்டிக்குள் கல்லைப் போட அரை மணி. தனியாளாக இருந்தால் கல்லை வண்டிக்குத் தூக்காதீர்கள், வண்டியைக் கல்லிடம் படுக்க வையுங்கள். பக்கவாட்டில் சாய்த்து, தொட்டியின் விளிம்பு தரையைத் தொடுகிற மாதிரி கல்லை ஒட்டிப் போட்டு, கல்லை உள்ளே புரட்டி, அப்புறம் மேல் விளிம்பைப் பிடித்து வண்டியோடு நிமிர்த்துவது. அப்போது தொட்டியே நெம்புகோல் ஆகிவிடுகிறது. ஐம்பது அறுபது கிலோ வரைக்கும் எனக்கு இது சரிப்பட்டது. அதற்கு மேலே நிமிர்த்தும் வேகத்தில் அந்தப் பக்கம் போய்க் கவிழ்ந்துவிடுகிறது, ஒரு தடவை செடித் தொட்டி ஒன்றை இப்படித்தான் உடைத்தேன். அந்தப் பக்கம் ஒரு முட்டுக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும்.

மரத்துண்டு என்றால் கதையே வேறு. உருண்டையாக இருப்பதை உருட்டலாம்தானே என்று தோன்றும், சமதளத்தில் உருட்டலாம்தான், நேராகப் போக வேண்டிய திசையில் அது கிடந்தால். பெரும்பாலும் குறுக்கே கிடக்கும். இதற்கென்றே வளைவு வண்டி ஒன்று உண்டு: இரண்டு பெரிய சக்கரம், நடுவில் உயர்ந்த வில்போன்ற அச்சு, அதிலிருந்து நீளும் கம்பு. கம்பை மேலே நிமிர்த்தினால் அச்சு சாய்ந்து கொக்கி கீழே இறங்கும், சங்கிலியை மரத்தில் சுற்றிக் கொக்கியில் மாட்டி, கம்பைக் கீழே அழுத்தினால் மரத்தின் தலை எழும்பிவிடும். 1870-களில் மிச்சிகனின் மனிஸ்டீ ஊரில் சைலஸ் ஓவர்பேக் என்ற வண்டி செய்கிறவர் இதையே பெரிய அளவில் செய்து விற்றார், சக்கரம் ஒன்பது பத்து அடி உயரம், கம்பை அழுத்தும் வேலையைக் குதிரைகள் செய்தன. அது வந்ததற்குப் பிறகு பனி இல்லாத காலத்திலும் மரத்தைக் காட்டிலிருந்து இழுக்க முடிந்தது.

வீட்டு அளவிலான வளைவு வண்டியில் கம்பை அழுத்தினதும் அதை மரத்தோடு சேர்த்து இன்னொரு சங்கிலியால் கட்டிவிட வேண்டும். கட்டாமல் கையை விட்டால் மரம் தரைக்குப் போகும், கம்பு வானத்துக்குப் போகும், நடுவில் உங்கள் தலை இருக்கக் கூடாது. கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொரு நல்ல விஷயம், மரத்தின் வால் தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். அது இழுப்பதற்குப் பாரம்தான், ஆனால் இறக்கத்தில் அதுதான் பிரேக். இரண்டு முனையையும் தூக்கி முழுசாகச் சக்கரத்தில் ஏற்றினால் சுகமாக ஓடும் என்று ஒரு முறை செய்து பார்த்தேன். சுகமாகத்தான் ஓடியது, நான் இல்லாமல்.

இறக்கம் என்றதும் கயிறு. பத்துக்கு ஒன்று சரிவில் 200 கிலோ வண்டி உங்களை 20 கிலோவால் தள்ளும். பிடித்துவிடலாம் என்று தோன்றும், ஈர மண்ணில் கால் வழுக்கும் வரைக்கும். ஐந்துக்கு ஒன்று என்றால் 40 கிலோ, பிடிக்க முயற்சியே செய்யாதீர்கள். வண்டியின் மேல்பக்கத்தில் கயிற்றைக் கட்டி, மேலே இருக்கிற மரத்திலோ நட்ட தூணிலோ இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சுற்று கூடக் கூடப் பிடிப்பு பெருக்கல் கணக்கில் ஏறும், இரண்டே சுற்றில் கை விசையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். நிறுத்த வேண்டுமா, இன்னும் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை விடலாம். மரத்தில் சுற்றினால் பட்டை உரியாமல் இருக்க ஒரு பழைய துணியைக் கொடுங்கள். நீங்கள் நிற்பது எப்போதும் மேல்பக்கம். கீழே போய் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும், எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

தனியாக வேலை செய்கிறவர்கள் போனைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், சுவர் மேல் வைக்காதீர்கள். கல்லின் அடியில் கால் மாட்டிக்கொண்டால் சுவர் ரொம்பத் தூரம்.

காலி டிரம், நிறைந்த டிரம், உருண்டைத் தொட்டி இவற்றுக்கெல்லாம் கருவியே வேண்டாம், சாய்த்து விளிம்பில் உருட்டினால் போதும், அதுவும் ஒரு சக்கரம்தான். பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவின் பெரிய கற்சிலைகளை இப்படி ஆட்டி ஆட்டி நடக்க வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்றை 18 பேரையும் மூன்று கயிற்றையும் வைத்து நடத்திக் காட்டினார்கள். 18 பேர் என்பதால் அது நம் கணக்கில் வராது, ஆனால் தொட்டியை ஆட்டிக்கொண்டே நகர்த்தும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, கல். இரண்டாவது வார இறுதியில் சக்கரக் கடப்பாரை, மூன்று பலகை, ஒரு துண்டுக் குழாய், கயிறு, நிறைய ஆப்பு. காலை ஆரம்பித்து, தண்ணீர்க் குழாயைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கிப் பலகையைப் பாலமாகப் போட்டு, மதியத்துக்குள் மரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவசரமே இல்லை. நடுவில் ஒரு மழை வந்தது, கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது.

கடைசியில் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கல் ஆப்புகளின் மேல் நிற்கிறது, அது தரையில் உட்கார வேண்டும், ஆப்பை உருவ வேண்டும். ஒன்றை உருவினால் அந்தப் பக்கம் சாயும், மற்றது நசுங்கி மாட்டிக்கொள்ளும். அதற்கு நாலு மூலையிலும் மணல் நிரப்பிய சின்னச் சாக்குப்பைகளை வைத்து, கல்லை அதன் மேல் மாற்றி, ஆப்புகளை எடுத்துவிட்டு, பைகளின் ஓரத்தைக் கத்தியால் கீறிவிட்டேன். அப்புறம் ஒரு குச்சியால் மணலைச் சுரண்டச் சுரண்டக் கல் தானாக இறங்கியது, இந்த மூலையில் கொஞ்சம், அந்த மூலையில் கொஞ்சம், சத்தமே இல்லாமல். நேராக உட்காரவில்லை. சுவருக்கு இணையாக இருக்க வேண்டியது ஒரு விரல்கடை திரும்பியிருக்கிறது. கிழிந்த பை ஒன்றின் மூலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.